இலைக்கு அடியில் ஒரு குடித்தனம்

வீட்டுக் கொல்லையில் நான்கு செடி வைத்திருப்போர் எவரும் என்றேனும் ஒரு நாள் இலையில் ஓட்டையைக் காணாதிருப்பதில்லை. கண்டவுடன் பலரும் "ஐயோ, புழு!" என்று முகஞ்சுளித்துச் செடியை உலுக்குவர், சிலர் மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புவர். அந்தப் புழு எது, எங்கிருந்து வந்தது, இன்னும் பத்து நாளில் என்னவாகும் என்று கேட்போர் மிகச் சிலரே. திண்ணையில் வந்து அமரும் முன்பின் அறியாதவரையும் "எந்த ஊர், யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று விசாரித்துத் தண்ணீர் கொடுக்கும் பண்புடையது நம் தஞ்சைச் சீமை. புழுவிடம் மட்டும் அவ்விசாரணை நிகழ்வதில்லை.

எங்கள் இல்லத்தில் அந்த விசாரணை சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதனால் நாங்கள் அறிந்தவை பிற குடும்பங்களுக்கும், சிறப்பாகக் குழந்தைகளை வளர்க்கும் தாய்மார்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி இதனை எழுதுகின்றோம்.

நாங்கள் வாழ்வது திருக்காட்டுப்பள்ளியில். மேற்கே கல்லணை, ஊரையொட்டிக் காவிரி, அதனின்று பிரிந்து செல்லும் குடமுருட்டி. சுற்றிலும் நெல்லும் வாழையும் கரும்புமாகப் பச்சை பரந்த பூமி. எங்கள் கொல்லையோ மிகச் சிறியது. ஒரு கறிவேப்பிலை, ஓர் எலுமிச்சை, முதிர்ந்த நாரத்தை மரம் ஒன்று, முருங்கை ஒன்று, வாசலில் நந்தியாவட்டை, வேலியோரத்தில் தானாக முளைத்த எருக்கு. இவ்வளவே எங்கள் ஆராய்ச்சிக் கூடம்.

புழுவைத் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது தரையை. செடியின் அடியிலோ கீழ் இலைகளின் மேலோ, கடுகு போன்றும் மிளகு போன்றும் கரும்பச்சை உருண்டைகள் சிதறிக் கிடந்தால், அவற்றுக்கு நேர் மேலே கண்ணை உயர்த்துங்கள். அவை புழுவின் எச்சம். கடுகளவாயின் புழு சிறியது, மிளகளவாயின் முதிர்ந்தது. ஈரமாயிருப்பின் ஆள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

அடுத்து, இலை கடிக்கப்பட்டுள்ள விதத்தைப் பார்த்தல் வேண்டும். ஓரத்திலிருந்து தின்று நடுநரம்பை மட்டும் விட்டுவைத்திருந்தால் அது வளர்ந்த புழுவின் வேலை. இலை சுருட்டப்பட்டு நூலிழையால் தைக்கப்பட்டிருந்தால் உள்ளே இலைச்சுருட்டிப் புழு குடியிருக்கும். எலுமிச்சைத் தளிரில் வெள்ளிக் கோடு ஒன்று கோலம்போல் வளைந்து வளைந்து சென்றால், இலைத்தோலுக்கு அடியில் சுரங்கம் தோண்டிச் செல்லும் மிகச் சிறிய புழுவின் வழித்தடம் அது. ரோஜா இலையில் கத்தரிக்கோலால் நறுக்கியது போன்ற சீரான வட்டம் காணப்பட்டால் அங்கே புழுவைத் தேட வேண்டாம்; தன் கூட்டுக்குச் சுவர் அமைக்க இலைத்துண்டு கொண்டு சென்ற தேனீ வகையொன்றின் கைவண்ணம் அது.

இறுதியாக, இலையைத் திருப்பிப் பார்த்தல். வெயில் ஏறுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் இது எளிது. கண்ட புழுவின் கால்களை எண்ணிப் பாருங்கள். தலையை அடுத்து மூன்று இணை கூரிய கால்கள் இருக்கும். வயிற்றுப் பகுதியில் சதைப்பற்றான கால்கள் பெரும்பாலும் ஐந்து இணை. அவை இரண்டே இணையாயிருந்து, புழு தன் நடுவுடலை வளைத்துச் சாண் அளப்பது போல் நடந்தால், அது அந்துப்பூச்சியினத்தில் தனியொரு குடும்பம். ஆறு இணைக்குக் குறையாமல் இருந்தாலோ, அது பட்டாம்பூச்சியும் ஆகாது, அந்துப்பூச்சியும் ஆகாது. குளவிக்கு உறவான வேறொரு பூச்சியின் இளம் பருவமாகும். குழந்தைகளுக்கு இக்கணக்கு விளையாட்டாகவே மனத்தில் பதிந்துவிடுகிறது.

இனிச் செடிகளுக்கு வருவோம். எந்தச் செடியில் இருக்கிறது என்று அறிந்துவிட்டால் புழுவின் பெயரில் பாதியை அறிந்தவாறே. ஏனெனில் பெரும்பாலான புழுக்கள் தமக்குரிய சில செடிகளை விட்டு வேறொன்றைத் தொடுவதில்லை. பட்டினி கிடந்து மடியுமேயன்றி நந்தியாவட்டைப் புழு கறிவேப்பிலையைத் தின்னாது.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் நாம் முதலில் காண்பது புழுவாகவே தோன்றாது. பறவை இட்ட எச்சம் என்றே எண்ணிக் கடந்து செல்வோம். கரும்பழுப்பும் வெண்மையும் கலந்து, ஈரம் மின்னுவது போன்ற தோற்றம். தன் எச்சத்தைப் பறவை தின்னாது என்னும் உண்மையையே கவசமாக்கிக்கொண்டு இச்சிறு புழு பட்டப்பகலில் இலையின் மேற்புறத்திலேயே அமர்ந்திருக்கிறது. நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்தை அடையும்போது அவ்வேடம் போதாத அளவுக்கு உடல் பெருத்துவிடும். உடனே இலையின் பசுமைக்கு மாறிவிடுகிறது. அதனைச் சற்றுத் தொட்டால், தலைக்குப் பின்னிருந்து செந்நிறத்தில் இரண்டாகப் பிளந்த உறுப்பு ஒன்று நீளும். பாம்பின் நாக்கு என்று பிள்ளைகள் பதறுவர். அது நாக்கன்று, கொட்டவும் கொட்டாது. கடும் வாடை வீசி எறும்பு முதலிய பகைகளை விரட்டும் கருவி மட்டுமே. எலுமிச்சையில் வளர்வன பெரும்பாலும் 'எலுமிச்சை அழகி' எனப்படும் மஞ்சளும் கருமையும் கலந்த பட்டாம்பூச்சியாகும். கறிவேப்பிலையில் மிகுதியாகக் காண்பது 'கறிவேப்பிலை அழகி' என்னும் கருநிறப் பட்டாம்பூச்சியின் புழு.

இக்கறிவேப்பிலைக்கும் நம் சோழநாட்டுக் கடற்கரைக்கும் பூச்சி ஆராய்ச்சிக்கும் ஓர் அரிய தொடர்பு உண்டு. 1768ஆம் ஆண்டில் யோகான் கெர்கார்டு கோனிக் என்னும் மருத்துவர் தரங்கம்பாடிக்கு வந்தார். தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயுவின் மாணவர் அவர். கறிவேப்பிலையின் அறிவியற் பெயரில் 'கோனிகி' என்று இன்றும் நிலைத்திருப்பது அவர் பெயரே. அவர் இப்பகுதியில் சேகரித்து அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்கு ஐரோப்பாவில் பெயர் சூட்டியவர், அதே ஆசிரியரிடம் பயின்ற யோகான் கிறித்தியான் பெப்ரீசியுசு. (தமிழ் அகராதி தந்த பெப்ரீசியுசு வேறு, அவரும் தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்தவரே.) இரசத்தில் மிதக்கும் இலையை ஒதுக்கி வைக்கும்போதெல்லாம், இரு நூறு ஆண்டுகளுக்கு முன் காவிரிப் படுகையில் பூச்சிகளைத் தேடித் திரிந்த அம்மனிதரை நாங்கள் நினைத்துக்கொள்வதுண்டு.

நந்தியாவட்டையில் வாழ்வது தோற்றத்தால் அச்சுறுத்தும் புழு. விரல் பருமன்; நல்ல பச்சை; தலைக்கு அருகே நீல விளிம்புடன் இரு பெரிய 'கண்கள்'; வாலில் ஒரு கொம்பு. அக்கண்கள் உண்மைக் கண்கள் அல்ல, வெறும் வண்ணப் பொட்டுகள். கொம்பும் குத்தாது. முதிர்ந்ததும் பழுப்பு நிறங்கொண்டு செடியைவிட்டு இறங்கிச் சருகுக்கு அடியில் கூட்டுப்புழுவாகிறது. பின்னர் பச்சையில் பல சாயல் தீட்டிய சிறகுடன் வெளிவந்து, அந்தி நேரத்தில் மலர்முன் அந்தரத்தில் நின்றவாறே தேன் அருந்தும் அந்துப்பூச்சி இதுவே. அரளியிலும் இதனைக் காணலாம்.

எருக்கில் வாழ்வது ஒளிந்துகொள்ளவே முயல்வதில்லை. கருமை, வெண்மை, மஞ்சள் என வளையல் அடுக்கினாற்போல் பட்டைகள். உடலின் மேல் மூன்று இணை கரிய கொடுக்குகள் போன்ற இழைகள். எருக்கம்பாலின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைப்பதால், 'என்னைத் தின்னாதே' என்று அறிவிக்கும் பலகையாக அந்நிறங்கள் அமைந்துள்ளன. 'வெந்தய வரியன்' என்று அழகிய தமிழ்ப் பெயர் பெற்ற பட்டாம்பூச்சியாக இது பறந்து செல்லும். 2019ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு 'தமிழ் மறவன்' என்பதை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தபின், இத்தகைய பெயர்களைப் பிள்ளைகள் ஆர்வத்துடன் கேட்டறிகின்றனர்.

பெயரை உறுதி செய்ய எங்களுக்கு உதவுவது ஒரு கண்ணாடிப் போத்தலே. புழு இருந்த செடியின் கிளைநுனியுடன் அதனை உள்ளே வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டி, நாள்தோறும் அதே செடியின் புதிய இலையைத் தந்து, எச்சத்தைத் துடைத்து வந்தால் போதும். வெயிலில் வைக்கலாகாது. எலுமிச்சைப் புழுவாயின் ஏறக்குறைய இரண்டு வாரம் தின்னும். பிறகு இடுப்பில் நூற்கயிறு கட்டிக் கூட்டுப்புழுவாகி ஒரு வாரத்திற்கு மேல் அசையாதிருக்கும். ஜெர்மனியில் மரியா சிபில்லா மெரியன் என்னும் பெண்மணி பதின்மூன்று வயதிலேயே இவ்வாறு புழு வளர்க்கத் தொடங்கி, எந்தப் புழு எந்தச் செடியில் வாழ்ந்து எந்தப் பட்டாம்பூச்சி ஆகிறது என்பதை ஓவியங்களாகத் தீட்டி 1679ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் புழு தானே உண்டாகும் என்று படித்தவர்களும் நம்பிய காலம் அது. அவர் கையாண்ட முறைக்கு வேண்டியவை பொறுமையும் புதிய இலையும். இவை இரண்டும் நம் வீடுகளில் இல்லாதவையல்லவே.

போத்தலில் எப்போதும் பட்டாம்பூச்சியே வரும் என்று எண்ணிவிட வேண்டாம். சில வேளைகளில் புழு சோர்ந்து கிடக்க, அதன் உடலைத் துளைத்து வெளிவந்த சிறு உயிர்கள் வெண்ணிற அரிசி போன்ற கூடுகளைக் கட்டிக்கொள்ளும். அவை ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். 'கொட்டக் கொட்டக் குளவியாகும்' என்பது நம் முன்னோர் வழக்கு. பச்சைப் புழுவைக் குளவி மண்கூட்டுக்குள் கொண்டு செல்வதையும், பின் அக்கூட்டிலிருந்து குளவியே வெளிவருவதையும் கூர்ந்து கண்டு சொன்ன சொல் அது. உள்ளே நிகழ்வது வேறு. குளவி புழுவைக் கொட்டி மரத்துப்போகச் செய்து, தன் முட்டையுடன் கூட்டில் வைத்து அடைக்கிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அப்புழுவைத் தின்று குளவியாகிறது. கேட்கக் கொடுமையாயிருப்பினும், நம் தோட்டங்களில் புழுக்கள் அளவுமீறிப் பெருகாமல் காப்பவை இக்குளவிகளும், தம் குஞ்சுகளுக்குப் புழு தேடும் குருவிகளும் கரிச்சான்களுமே. மருந்து தெளித்தால் புழுவோடு இக்காவலரும் மடிவர். காவலர் மீண்டும் பெருகப் புழுவைவிட நெடுநாள் பிடிக்கும்.

இந்த அறிவு வெறும் பொழுதுபோக்கன்று என்பதை எங்கள் அண்டை வீட்டில் நிகழ்ந்த ஒன்று உணர்த்தியது. அங்கே தனித்து வாழும் மூதாட்டி ஒருவரைப் பெரியம்மா என்றே அழைத்து வருகிறோம். கொல்லையில் வரிசையாக நிற்கும் கறிவேப்பிலை மரங்களே அவருக்குக் கைச்செலவு தருபவை. நாள்தோறும் காலையில் ஒடித்துக் கட்டாகக் கட்டிக் காய்கறிக் கடைக்குக் கொடுப்பார். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் தாளிப்பு அவர் கொல்லையிலிருந்து வருவதே.

ஒரு மழைக்காலத்தில் அம்மரங்களின் தளிர் முழுவதும் புழு கண்டது. நான்கு நாளில் கொழுந்துகள் நரம்பாயின. கடைக்காரர், ஓட்டை விழுந்த இலை வேண்டாமென்று கட்டுகளைத் திருப்பி அனுப்பினார். பெரியம்மாவின் அண்ணன் மகன், நெல்வயலுக்கென வாங்கி வைத்திருந்த மருந்தையும் கைத்தெளிப்பானையும் கொண்டு வந்துவிட்டார். "நாளைக்கே எல்லாம் செத்துடும் அத்தே" என்றார். மறுநாள் இலை ஒடிப்பீர்களா என்று வேலிக்கு இப்புறமிருந்து கேட்டோம். "ஒடிக்காம? அடுப்பு எரியணுமே, தம்பி" என்றார் பெரியம்மா.

மருந்துப் புட்டியில் ஒட்டியுள்ள சீட்டைப் படித்துக் காட்டினோம். நச்சு மருந்துப் புட்டிகளில் சாய்சதுரக் குறி ஒன்று உண்டு. அதன் கீழ்ப்பாதி சிவப்பாயின் மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், பின்னர் நீலம், பச்சை என வீரியம் குறையும். எந்தப் பயிருக்கு உரியது, தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பனவும் அதிலேயே அச்சாகியிருக்கும். அப்புட்டியில் கறிவேப்பிலையின் பெயரே இல்லை. குறியும் சிவப்பு. நெல்லுக்கு உமி உண்டு, கறிவேப்பிலைக்கு ஏது? தெளித்த இலையை அப்படியே அல்லவா எண்ணெயில் போடுகிறோம்!

இது வீண் அச்சமன்று. பீகார் மாநிலத்துச் சாரன் மாவட்டத்தில், 2013ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், பள்ளி மதிய உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் மாண்டனர். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து. காய்கறிகளுக்கு அதனைப் பயன்படுத்தலாகாது என்று 2005ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை விதித்திருந்தது. வயலுக்கென வாங்கியது வீட்டுக்குள் நுழைந்தால் நேரக்கூடிய கேட்டை இதனினும் தெளிவாக எடுத்துரைக்க இயலாது.

பெரியம்மா எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டார். எனினும், "புழுவ யாரு எடுக்கறது?" என்றார். நியாயமான கேள்வி. அன்று மாலை தெருப்பிள்ளைகள் அழைக்கப்பட்டனர். எச்சத்தைப் பார், மேலே பார், இலையைத் திருப்பு என்ற பாடம் அங்கேயே நடந்தது. செவ்வுறுப்பு நீளும்போதெல்லாம் கூச்சலும் சிரிப்பும். பிடித்தவற்றை எங்கள் நாரத்தை மரத்தில் விட்டோம். அம்முதிய மரம் சில நூறு இலை இழந்தாலும் தாங்கும். அடுத்த மூன்று நாளும் இது தொடர்ந்தது. பின்னர், வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து தளிர்களின்மேல் தெளித்தோம். வேளாண்மைத் துறையினர் பரிந்துரைக்கும் 5 விழுக்காட்டுக் கரைசல் அது. வேம்பின் கசப்புப் புழுவின் பசியையும் தோலுரிப்பையும் கெடுக்கும்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்ல மாட்டோம். இரண்டு இளங்கன்றுகள் பட்டுப்போயின. புதுத் தளிர் வரும்வரை ஏறக்குறைய மூன்று வாரம் பெரியம்மாவுக்கு வரும்படி இல்லை. அந்நாள்களில் தெருவார் சிலர் முன்பணம் கொடுத்து, பிறகு இலையாகப் பெற்றுக்கொண்டனர். நஞ்சில்லா உணவு வேண்டுமாயின் அதன் சுமையை விளைவிப்பவர் ஒருவரே தாங்க வேண்டும் என்பது அறமாகாது; உண்பவரும் தோள் கொடுக்க வேண்டும் என்பதை அன்று எங்கள் தெரு கற்றது. இயற்கை வேளாண்மைக்காக ஊர் ஊராக நடந்து, 2013ஆம் ஆண்டு இறுதியில் மறைந்த நம்மாழ்வார் ஐயா பிறந்த இளங்காடு எங்கள் ஊருக்கு அருகேதான் உள்ளது. அவர் சொன்னவற்றை மேடையில் கேட்டவர் பலர். கொல்லையில் செய்து பார்க்க இப்படியொரு நெருக்கடி வேண்டியிருந்தது.

அப்படியாயின் எல்லாப் புழுவையும் கொஞ்சி வளர்க்க வேண்டுமா? இல்லை. முருங்கையில் கூட்டங்கூட்டமாக அப்பும் கம்பளிப்பூச்சியின் மயிர் பட்டால் உடல் தடித்து அரிக்கும். கண்ணில் பட்டால் பெருந்துன்பம். பட்ட இடத்தைத் தேய்க்கலாகாது. ஒட்டும் நாடாவை ஒற்றியெடுத்து மயிரை அகற்றி, சோப்பு நீரால் கழுவுதல் நன்று. கண்ணிலோ மூச்சிலோ தொல்லை தெரிந்தால் உடனே மருத்துவரை நாட வேண்டும். பகலில் அடிமரத்தில் திரண்டிருக்கும் அவற்றைப் பந்தங்கொளுத்திப் பெரியவர்கள் அழிப்பது நெடுங்கால வழக்கம். மயிர் உள்ளதைத் தொடாதே என்பதே பிள்ளைகளுக்கு நாங்கள் கற்பிக்கும் முதல் விதி. வயலிலும் அவ்வாறே. தண்டைத் துளைக்கும் புழுவால் நெற்குருத்து காய்வது பத்தில் ஒரு பங்கை எட்டினால் விவசாயி வாளாவிருக்க இயலாது. அந்த அளவுக்குக் கீழே இருக்கும்வரை மருந்துக்கு ஓட வேண்டியதில்லை என்பதே வேளாண் அறிஞர் கூற்று. ஆக, எந்தப் புழு, எவ்வளவு என்று அறிந்த பின்னரே கை ஓங்க வேண்டும்.

அவிலா நகர்ப் புனித தெரேசா, ஆன்மாவை ஒரு கோட்டைக்கு ஒப்பிட்டு 1577ஆம் ஆண்டில் எழுதிய நூலில், பட்டுப்புழு கூட்டுக்குள் மறைந்து வெண்ணிறப் பட்டாம்பூச்சியாக வெளிவருவதைச் செபவாழ்வுக்கு உவமையாக்குகிறார். அதைத் தாம் நேரில் கண்டதில்லை, பிறர் சொல்லக் கேட்டதே என்று வெளிப்படையாகச் சொல்லியும் விடுகிறார். அப்பெரும் புனிதைக்குக் கேள்வியால் மட்டுமே கிட்டிய காட்சி, நம் வீட்டுக் கறிவேப்பிலையில் ஆண்டுதோறும் நடந்துகொண்டிருக்கிறது. கூட்டுக்குள் புழுவின் உடலில் பெரும்பகுதி கரைந்து, அதுவரை உறங்கிக்கிடந்த சிறு அணுத்திரள்களிலிருந்து சிறகும் காலும் உருவாகின்றன என்று அறிவியல் கூறுகிறது. அறிந்ததனால் வியப்புக் குறையவில்லை, கூடியே இருக்கிறது.

அன்பார்ந்த பெற்றோரே, அடுத்த மழைக்குப்பின் உங்கள் கொல்லையில் இலை ஓட்டையாகக் கண்டால், பிள்ளைகளை அழையுங்கள். தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். இலையைத் திருப்பச் சொல்லுங்கள். கால்களை எண்ணச் சொல்லுங்கள். ஒன்றைப் போத்தலில் வையுங்கள். அது கூடு கட்டும் நாளில் வீட்டிலுள்ள சிறியவர் பள்ளிக்குப் போகவும் மனமின்றி அதனருகே நிற்பார். அன்று ஒரு கால் மணி நேரம் தாமதமாகப் போகட்டும்.